செருப்பைப் பார்க்கும் கடை

பனகல் பூங்கா ஓரத்தில் இரண்டு டாக்சிகள். நதீமும் கருணாகரனும் ஒரே ஆப்பில் ஓட்டுகிறவர்கள். வண்டியும் ஒரே ரகம். ஆனால் கிண்டிக்குச் சவாரி வந்தால் கருணாகரன் போனில் மட்டும் தொகை கொஞ்சம் கொழுத்துத் தெரியும்.

"எனக்கு மட்டும் இன்னாத்துக்குக் கொறைக்குறான்?" என்றான் நதீம்.

"மணி அடிச்சதும் பாஞ்சு தொடுற மச்சி. நான் நாலுல ஒண்ண வேணான்னு தட்டிவுடுவேன்."

நதீம் ரங்கநாதன் தெருச் சேலைக்கடையில் பல வருடம் விற்பனைக்கு நின்றவன். அங்கே வருகிறவரின் செருப்பைப் பார்த்த பிறகுதான் விலை வாயில் வரும். ஆப்பும் தன் செருப்பைப் பார்த்துவிட்டது என்று அவனுக்குப் பட்டது. எதைக் கொடுத்தாலும் வாங்குகிறவன் என்று.

அடுத்த சவாரியை மறுத்தான். அதற்கடுத்ததையும்.

"டேய், மூணாவதையும் தட்டிவுட்டா ஐடியைப் பூட்டிடுவான். வெள்ளிக்கிழம சாயங்காலம், சும்மா குந்திக்கினு கெடப்பே!"

"வாங்காம படி எறங்குனவங்களத் திரும்பக் கூப்புடாத கடைய நான் பாத்ததே இல்ல. கூப்புடுவான் பாரு."

கருணாகரனுக்குச் சவாரி வந்தது. போகும்போது, "நீ தட்டிவுட்டதுதானோ இன்னாவோ!" என்று சிரித்தான். மறுக்கும் யோசனையைச் சொன்னது இதற்குத்தானோ என்று நதீமுக்கு அவன்மேலும் சந்தேகம் வந்தது.

அரை மணி நேரம் போன் ஊமையாகக் கிடந்தது. பிறகு அடித்தது. மயிலாப்பூர், வழக்கத்தைவிடக் கூடுதல். படித்து முடிப்பதற்குள் விரல் தொட்டுவிட்டது.

தொட்ட பிறகுதான் உறைத்தது. முதல் குரலுக்கே திரும்பி வருகிற வாடிக்கையாளரைப் பார்த்துக் கடையில் கண்ணடித்துக்கொள்வார்கள். அதற்குமேல் விலை இறங்காது.

ஏறிய அம்மாளின் செருப்பில் வார் அறுந்திருந்தது.

"நடக்க முடியாம நின்னுண்டிருந்தேன். அந்த ஆப்புக்கு எப்படித் தெரிஞ்சுதோ, கட்டணம் ஏறிண்டே போச்சு" என்று தொகையைச் சொன்னார்.

நதீம் தன் போனைப் பார்த்தான். அவர் சொன்னதில் பாதிதான் அதில் இருந்தது. இந்தக் கூடுதல் தன்னைக் கூப்பிட்டுக் கொடுத்ததா, இவரிடம் பிடுங்கியதில் கிள்ளிப் போட்டதா?

லஸ் சிக்னலில் நிற்கும்போது அடுத்த சவாரி அடித்தது. அதே பழைய தொகை.

"எடுக்கலையாப்பா?" என்றார் அம்மாள்.

"இன்னொரு வாட்டி கூப்புடட்டும்மா" என்று நதீம் வலது கையைத் தொடைக்கு அடியில் செருகி, அதன்மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டான்.