சைரன் உட்கார்ந்தால்தான் கதவு

“ஞாயித்துக்கிழமை என் பொண்ணு கைக்குழந்தையோட வரா. அன்னிக்கும் இந்த நாய் இப்படிக் கத்துச்சுன்னா, காப்பகத்துலயே திருப்பி விட்டுடணும்,” என்றார் மாமனார், செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே.

“விட மாட்டேன் மாமா,” என்றாள் மருமகள்.

சாப்பாட்டு மேசைக்கு அடியில் படுத்திருந்த நாய் காதை மட்டும் அசைத்தது. அழைப்புமணி அடித்தாலே ஊரைக் கூட்டுகிறது என்று ஏற்கெனவே ஒரு வீட்டிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட நாய். இங்கே வந்த அன்றே அதற்கு ‘சைரன்’ என்று பெயர் வைத்தவர் மாமனார்தான்.

“அப்பாவுக்குச் சத்தம் ஒத்துக்கல. கொஞ்சம் விட்டுக் கொடுத்துப் போயேன்,” என்றான் கணவன், சமையலறையில் மெதுவாக.

“விட்டுக் கொடுக்க அது என்ன பஸ் சீட்டா? மறுபடி கொண்டு போய் விடறதா இருந்தா ரெண்டு சங்கிலி வாங்கிட்டு வாங்க. ஒண்ணு எனக்கு.”

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

தண்ணீரைக் கண்டு நடுங்கும் பெரியவர்களுக்கு நீச்சல் சொல்லிக் கொடுப்பது அவள் வேலை. பயந்தவரைப் பிடித்துத் தள்ளினால் மறுநாள் அவர் குளத்துப் பக்கமே வரமாட்டார். அதனால் அழைப்புமணிச் சத்தத்தைச் செல்போனில் பதிந்துகொண்டு, காதில் விழுந்தும் விழாமலும் ஒலிக்க விட்டாள். சைரன் கூடத்து மூலையிலுள்ள தன் பாயில் போய்ப் பேசாமல் உட்கார்ந்தால், வேகவைத்த கோழித் துண்டு ஒன்று. பிறகு சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினாள். அவள் இருக்கும்போது எல்லாம் சரியாக நடந்தது. சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் மட்டும் மாமனார், “பகல் பூரா கச்சேரிதான்,” என்பார்.

வெள்ளிக்கிழமை குளத்தைச் சுத்தம் செய்கிறார்கள் என்று அவள் சீக்கிரமே திரும்பிவிட்டாள். சாவியைப் போடப் போனவள், ஜன்னல் வழியே பார்த்து அப்படியே நின்றாள்.

மணி எதுவும் அடிக்கவில்லை. சைரன் மாமனாரின் நாற்காலி முன்னால் நின்று, அவர் முகத்தைப் பார்த்து ஒரு ‘வள்’ போட்டது. அவர் சட்டைப் பையிலிருந்து பிஸ்கட் எடுத்தார். “தின்னுட்டு வாயை மூடு!” தின்றது. வாயைத் துடைப்பதுபோல் நக்கிக்கொண்டது. மறுபடி ‘வள்’. மறுபடி பிஸ்கட்.

அவள் கதவைத் திறந்தாள். “தினமும் இதான் நடக்குதா மாமா?”

“வேற எப்படி அடக்கறது? போட்டாத்தான் அடங்குது.”

“அடங்கலை. குரைச்சா பிஸ்கட் வரும்னு புரிஞ்சு வெச்சிருக்கு. நான் அதைப் பழக்கிட்டிருக்கேன், அது உங்களைப் பழக்கி முடிச்சிடுச்சு.”

“யாரைப் பார்த்து என்ன பேசறே?” என்று எழுந்தார். சைரன் குரைத்தது. அவர் கை தானாகப் பைக்குப் போனது. பாதி வழியில் அதைக் கண்டுகொண்டவர், தன் கையையே முறைத்தார்.

“பிஸ்கட் உங்களோடது, கையும் உங்களோடது. பாயில உட்கார்ந்த பிறகு குடுங்க. அது போதும்.”

“முடியாதுன்னா?”

“ஞாயித்துக்கிழமை அது குரைச்சா, யார் கொடுத்த பயிற்சின்னு உங்க பொண்ணுகிட்ட நானே சொல்வேன்.”

அவர் செய்தித்தாளை விரித்துக்கொண்டார். ஆனால் சனிக்கிழமை முழுவதும் மணிச் சத்தம் பதிந்த செல்போன் அவர் கையில்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை உண்மையான மணி அடித்தது. சைரன் பாய்ந்துபோய்க் குரைத்தது. கணவன் மனைவியைப் பார்த்தான். அவள் அசையவில்லை. சைரன் மாமனாரிடம் ஓடி இன்னொரு தரம் குரைத்தது. அவர் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பாயையே பார்த்தார்.

“அப்பா, கை வலிக்குது! திறங்களேன்!” வெளியே மகளின் குரல்.

“அக்கா நிக்கறாப்பா…” என்று கணவன் தாழ்ப்பாளில் கை வைத்தான்.

“எடுடா கையை!” என்றார் மாமனார். பிறகு கதவைப் பார்த்து உரக்க, “கொஞ்சம் நில்லும்மா! அது இன்னும் உட்காரலை!”

“நாய்க்காக என்னை வெளியில நிக்க வெப்பீங்களா?”

“ஆமா, வெப்பேன்!”

சைரன் கதவைப் பார்த்தது, அவரைப் பார்த்தது. அலுத்துப்போய்ப் பாய்க்கு நடந்து, பின்பக்கத்தை அதன்மேல் வைத்தது.

மாமனார் குனிந்து பிஸ்கட்டைக் கொடுத்தார். “இப்பத் திற,” என்றார் மருமகளிடம்.