மந்தைவெளி ஸ்டேஷனில் பச்சையம்மாள்

பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த அன்றே, இனி எங்கும் போவதில்லை என்று அம்மாசி தன் மனைவி பச்சையம்மாளிடம் சொல்லிவிட்டார். சொன்னபடி வேலூர்ப் பக்கத்துக் கிராமத்தில் மல்லாட்டை பயிரிட்டுக்கொண்டு அவளோடுதான் இருந்தார். அவளுக்கு ஞாபகம் மங்கத் தொடங்கியபோது மகள் தமயந்தி இருவரையும் மந்தைவெளிக்கு அழைத்து வந்தாள்.

பேரப்பிள்ளைகளைத்தான் பச்சையம்மாள் முதலில் மறந்தாள். இந்த ஆடி மாதத்தில் ஒருநாள், காபி கொண்டுவந்த அம்மாசியைக் கண்டதும் எழுந்து உள்ளே போய்விட்டாள். வீட்டுக்காரர் சண்டைக்குப் போயிருக்கும்போது வேற்று ஆம்பளைக்கு இங்கே என்ன வேலை என்று மகளிடம் கேட்டாள். எழுபத்தொன்றாம் வருஷத்துப் பாகிஸ்தான் சண்டை அவளுக்கு இன்னும் முடியவில்லை.

"நான்தாண்டி அது" என்று அம்மாசி சொல்லிப் பார்த்தார். சொல்லச் சொல்ல அவள் மிரண்டாள். பிறகு சொல்வதை விட்டுவிட்டார். சாப்பாட்டை மகளிடம் கொடுத்தனுப்பிவிட்டு, மனைவி சாப்பிடுவதைக் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு மாலை அவர் மயிலாப்பூரில் மருந்து வாங்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கீழ்வீட்டில் துணி தைக்கும் நஸ்ருன்னிசா பேசினாள்.

"ஐயா, அம்மா ஸ்டேஷன்ல குந்திக்கினு கீறாங்க. கூப்ட்டா வர மாட்டேன்றாங்க. பயப்படாதீங்க, நான் கூடத்தான் கீறேன்."

திருமயிலையில் ரயிலேறி அடுத்த ஸ்டேஷனில் இறங்கினார். பிளாட்பாரத்து பெஞ்சில் நஸ்ருன்னிசாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பச்சையம்மாள், இறங்குகிறவர்களை முகம் முகமாகப் பார்த்தாள். அவரையும் பார்த்தாள். பார்வை தாண்டிப் போயிற்று. கூட்டம் கலைந்த பின் அவர் ஒருவர்தான் மிஞ்சினார்.

"பெரியவரே, பட்டாளத்து ரயிலுங்களா இது?"

அம்மாசி கொஞ்சம் யோசித்தார். "ஆமாம்மா. அங்கேருந்துதான் வரேன்."

"எங்க ஊட்டுக்காரரப் பாத்தீங்களா?"

"அவரு பேரு இன்னா?"

புருஷன் பேரை அவள் ஒருநாளும் சொன்னதில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். "நெலா வராத நாளு இருக்குதில்ல, அதாங்க பேரு."

"அம்மாசியா? என்கூடத்தான் இருந்தான். நல்லா இருக்கிறான். ஒரு காயம் இல்ல."

அவள் நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"அவரு போறப்ப நான் முழுவாம இருந்தேங்க. எனக்கே அப்புறந்தான் தெரிஞ்சிது. கெணத்தங்கரையில வழுக்கி விழுந்தேன். தங்கல. சண்டையில இருக்கறவன்கிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டாங்க மாமியாரு. அவரு வந்தா எப்படி மூஞ்சியப் பாக்கறது?"

அம்மாசிக்கு இது தெரியாது. இத்தனை வருஷத்தில் அவள் வாய் திறந்ததே இல்லை. சண்டை முடிந்து பங்குனியில் விடுப்பில் வந்தபோது, அவள் துரும்பாக இளைத்திருந்தாள். அவரைக் கண்டதும் ஓவென்று அழுதாள். தன்னைப் பிரிந்த ஏக்கம் என்று எண்ணி, உள்ளுக்குள் பெருமைகூடப் பட்டுக்கொண்டார்.

நஸ்ருன்னிசா மெல்ல எழுந்து தள்ளிப்போய் நின்றாள். அந்த இடத்தில் அவர் உட்கார்ந்தார்.

"திட்டுவாருங்களா?" என்றாள் பச்சையம்மாள்.

"திட்ட மாட்டான்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவன எனக்கு நல்லாத் தெரியும்மா. நான் அங்க குண்டுக்குப் பயந்துகினு கெடந்தேன், நீ இங்க இத ஒருத்தியாத் தாங்கினியேன்னு உன் கையப் புடிச்சிகினு அழுவான். அவ்ளோதான்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அவள் முந்தானை நுனியை அவரிடம் நீட்டினாள்.

"தொடச்சிக்குங்க. உங்களுக்கும் ஊட்டுல யாரோ காத்திருப்பாங்க."

"இருக்கறா. வா, உன்ன ஊட்டுல உட்டுட்டுப் போறேன். அவன் அங்கதான் வருவான்."

அவள் எழுந்தாள். படிக்கட்டில் கால் தடுமாறியபோது அவர் முழங்கையைப் பிடித்தவள், வீடு வரும்வரை விடவில்லை.

அன்றிலிருந்து அம்மாசி அவளுக்குப் பட்டாளத்துப் பெரியவர். பக்கத்தில் உட்கார்ந்து அவர் பரிமாறலாம். எல்லையில் வீட்டுக்காரர் என்ன சாப்பிடுகிறார் என்று அவள் கேட்பாள். ரொட்டியும் பருப்பும் என்பார். அரிசிச் சோறு கிடையாதா என்று வருத்தப்படுவாள்.

ஒருநாள் தமயந்தியிடம் சொன்னார். "உனக்கு முன்னால ஒண்ணு இருந்துதாம்மா. தங்கல."

தமயந்தி உள்ளே போய் அம்மாவின் மடியில் தலைவைத்துப் படுத்தாள். பச்சையம்மாள் அவள் தலைமயிரைக் கோதிவிட்டாள்.

"இன்னாம்மா, ஒடம்பு முடியலையா?"