முதுகு காட்டியவர்கள்

திறப்பு விழாவுக்கு மறுநாள் காலை ஓவியக்கூடத்தைத் திறந்தபோது, சுவரில் இருந்த உருவப்படங்களில் ஒருவர்கூட முகத்தைக் காட்டவில்லை. எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். சட்டங்கள் மாட்டிய இடத்தில் மாட்டிய மாதிரியே இருந்தன. உள்ளே இருந்தவர்கள்தான் திரும்பியிருந்தார்கள். ஏணி போட்டு ஒவ்வொன்றாகக் கழற்றிப் பின்பக்கம் பார்த்தார்கள். அங்கே வெறும் துணியும் ஆணியும்தான் இருந்தன. பேருந்து நிறுத்தங்களில் ஒட்டிய சுவரொட்டிகளிலும், வழவழப்பான தாளில் அச்சடித்த கையேட்டிலும், ஓவியர் பார்த்து வரைந்த பழைய புகைப்படங்களிலும்கூட அவர்கள் திரும்பிக்கொண்டார்கள். அன்று வெயில் கொஞ்சம் அதிகம். மற்றபடி நகரத்தில் குறிப்பிடும்படி ஒன்றும் நடக்கவில்லை.

கண்காட்சிக்கு ‘வரலாறு கண்டுகொள்ளாதவர்கள்’ என்று பெயர். ஆற்றுப் பாலத்துக்கு முழுக் கணக்கும் போட்டுக் கொடுத்துவிட்டு, கணவர் பெயரில் கல்வெட்டு வைத்தபோது கூட்டத்தோடு நின்று கைதட்டிய மனைவி. பெரிய டாக்டரின் கைநடுக்கத்தை வெளியே சொல்லாமல் பாதி அறுவைச் சிகிச்சைகளைத் தானே முடித்த நர்ஸ். சதுக்கத்தில் சிலையாக நிற்கும் பழைய தலைவரின் பேச்சுகளைத் தட்டச்சு செய்கிற சாக்கில் திருத்தித் திருத்தி, கடைசியில் முழுக்கத் தானே எழுதிய தட்டச்சுக்காரி. இப்படிப் பலர். நோக்கம் நல்ல நோக்கம்தான், குறை சொல்லக் கூடாது. ஆனால் திறப்பு விழாவில் அமைச்சர் படங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் பேசினார். கேட்டவர்களுக்குப் பசி வரும்வரை பேசினார். நன்கொடையாளர்கள் படங்களுக்கு முதுகைக் காட்டி வரிசையாக நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள். மிச்சக் கூட்டம் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து, பின்னால் ஓவியம் தெரிகிறதா என்று சரிபார்த்து, தன் முகத்தையே எடுத்துக்கொண்டது. சாயந்திரம் முழுக்க அத்தனை முதுகுகளைப் பார்த்தவர்கள் பதிலுக்குத் தங்கள் முதுகைக் காட்டியதில் அதிசயப்பட என்ன இருக்கிறது? மரியாதை கொடுத்து மரியாதை வாங்கு என்று சும்மாவா சொன்னார்கள்.

கண்காட்சியை அமைத்தவர் எந்த வெயிலிலும் கழுத்தில் மஃப்ளர் சுற்றியிருப்பார். ஊரும் அவரை மஃப்ளர் என்றே சொல்லும். அன்று காலை அவர் வாசற்படியில் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். முதலில் வந்தது ஒரு விமர்சகர். பாலத்துக்குக் கணக்குப் போட்ட அம்மாளின் கொண்டைக்கு எதிரே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டவர், வெளியே வந்து மஃப்ளரின் கையைப் பிடித்து, பார்க்கப்பட மறுக்கும் உரிமையை இவ்வளவு துணிச்சலாக யாரும் சொன்னதில்லை என்றார். மஃப்ளர் மெதுவாக எழுந்தார், பேன்ட்டைத் தட்டிவிட்டுக்கொண்டார், எல்லாம் யோசித்துச் செய்ததுதான் என்றார். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவிடாத பிறவிகள் எல்லா ஊரிலும் உண்டு. அடுத்த வாரமே முதுகைப் பற்றிக் கருத்தரங்கு நடந்தது. முகங்களைப் பார்க்க வராத ஊர் முதுகுகளைப் பார்க்க வரிசையில் நின்றது. வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்று முதுகுகளை மொத்தமாகக் கேட்டது. கண்காட்சி முடிந்ததும் கப்பலேற்றுவதாகப் பேச்சு.

இதற்கெல்லாம் நடுவில் ஒரு தையல்காரி வந்தாள். அவள் அந்தத் தட்டச்சுக்காரியின் மகள். கண்காட்சியின் ஆராய்ச்சிக் குழு தட்டச்சுக்காரியின் வாரிசைத் தேடி மூன்று நாட்டு ஆவணக் காப்பகங்களில் புரட்டியது. கூடத்துக்குப் பின்தெருவில் இருந்த தையல்கடையில் மட்டும் கேட்கவில்லை. கண்காட்சிக்குப் போட்டுக்கொண்டு போக கவுனின் இடுப்பைப் பிடிக்கக் கொடுத்த ஒரு வாடிக்கையாளர் மறந்துவிட்டுப் போன கையேட்டில்தான் அவள் விஷயத்தைப் படித்தாள். அம்மா செத்தபோது அவளுக்கு ஏழு வயது. வீட்டில் அம்மாவின் ஒரு புகைப்படம்கூட இல்லை. எடுத்த படங்களில் எல்லாம் தலைவர் இருந்தார், அம்மா நின்ற ஓரத்தைப் பத்திரிகைகள் வெட்டிவிட்டன. வெட்டாத ஒன்று எப்படியோ ஓவியர் கைக்குப் போயிருந்தது, இப்போது அதிலும் அம்மா திரும்பிவிட்டாள். வயதாக ஆக, அம்மாவின் முகம் அவளுக்கு மறந்தே போனது. கனவில் வந்தாலும் முகம் இருக்க வேண்டிய இடத்தில் வேறு யாராவது இருந்தார்கள். சில நாள் மளிகைக் கடைக்காரர் மீசையோடு இருந்தார். இதை அவள் கணவரிடம்கூட சிரித்துக்கொண்டேதான் சொல்வாள், சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் அழுவாள். பெற்றவளின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

கப்பலேறும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. தினமும் மத்தியானம் கடையை அடைத்துவிட்டு வந்து, கயிறு கட்டிய இடத்தில் நின்று, அம்மாவின் முதுகைப் பார்த்துவிட்டுப் போனாள். அம்மாவின் முகத்தைப் பார்க்க ஏதாவது வழி உண்டா என்று ஒருநாள் மஃப்ளரையே பிடித்துக் கேட்டுவிட்டாள். அவர் பொறுமையாகவே விளக்கினார்.

“முகத்தைத் தேடுறது பழைய பார்வைங்கம்மா. இந்த இல்லாமையைத்தான் நீங்க உணரணும்.”

“இல்லாமைய நான் ஏழு வயசுலேருந்து உணர்ந்துகிட்டுத்தாங்க இருக்கேன். முகத்தத்தான் பாக்கல.”

மஃப்ளருக்கு அந்த வாக்கியம் மிகவும் பிடித்துப்போய், மறுநாளே சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டச் செய்தார். யார் சொன்னது என்று போடவில்லை.

கடைசி நாள் கூட்டம் நெரிந்தது. தையல்காரி முண்டியடித்துக் கயிற்றுக்குப் பக்கத்தில் வந்து நின்றபோதுதான் அதைக் கவனித்தாள். இத்தனை நாள் தலையையே பார்த்துக்கொண்டிருந்ததில், எப்போது திரும்பும் என்று காத்திருந்ததில், தொழில்காரி கண்ணுக்கே அது தப்பிவிட்டது. அம்மா போட்டிருந்தது முதுகில் பொத்தான் வைத்த அந்தக் காலத்துச் சட்டை. மேல் பொத்தான் கழன்று கிடந்தது. அது போட்டிருப்பவள் கைக்கு எட்டாத பொத்தான். காலையில் அலுவலகம் கிளம்பும்போது அம்மா வந்து முதுகைக் காட்டி உட்காருவாள். முக்காலியில் ஏறி நின்று அதைப் போட்டுவிடுவது மகளின் வேலை. வீட்டில் வேறு யாருக்கும் அந்த வேலையைக் கொடுத்ததில்லை. முகம் மறந்துபோன மகளுக்கு அந்தப் பிடரி மட்டும், அதில் இருந்த மச்சம் மட்டும், மறக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

அவள் கயிற்றைத் தாண்டினாள். காவலாளி கத்தினார், மணி அடித்தது, கூட்டம் இதுவும் கண்காட்சியில் சேர்த்தி என்று நினைத்துக் கைப்பேசியைத் தூக்கியது. அவள் கை அலமாரிக்குள் போவதுபோலப் படத்துக்குள் போனது. துணி பழைய துணி, பொத்தான் ஓட்டை கொஞ்சம் இறுக்கம், பிடித்துப் போட்டாள்.

“போட்டாச்சும்மா,” என்றாள்.

தட்டச்சுக்காரி திரும்பினாள். மகள் நினைத்திருந்ததைவிட அவள் எவ்வளவோ சின்னப் பெண்ணாக இருந்தாள். முகவாயில் தட்டச்சு மை ஒட்டியிருந்தது, மூக்கு கொஞ்சம் கோணல். மகளை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

“இவ்வளவு நரைச்சிருச்சா உனக்கு?” என்றாள்.

தையல்காரி அத்தனை பேர் நடுவில் வாய்விட்டு அழுதாள். வெட்கப்படவில்லை.

மஃப்ளர் கொதித்துப்போனார். எல்லோரும் முதுகு காட்டும் கண்காட்சியில் ஒருத்தி மட்டும் முகத்தைக் காட்டினால் கருத்தே கெட்டுவிடாதா? அருங்காட்சியகத்தின் ஆள் வந்து படத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, பழுது என்று எழுதி ஒதுக்கிவிட்டார். மற்றவர்கள் கப்பலேறினார்கள். அவர்கள் இன்றைக்கும் ஏதோ ஒரு பெரிய கூடத்தில் முதுகு காட்டிக்கொண்டுதான் நிற்கிறார்களாம், நல்ல கூட்டமாம். பழுதான படத்தை வைக்க இடமில்லை, எடுத்துக்கொண்டு போனால் உபகாரம் என்று காவலாளியிடம் சொல்லி அனுப்பினார்கள். தையல்காரியும் அவள் கணவரும் அதை லைனிங் துணியில் சுற்றி, ஆளுக்கொரு முனையாகப் பிடித்துப் பின்தெருவுக்குக் கொண்டுபோனார்கள்.

இப்போது அது தையல்கடையில், மிஷினுக்கு எதிர்ச் சுவரில் இருக்கிறது. அளவு கொடுக்க வருகிறவர்கள் அதற்கும் ஒரு வணக்கம் வைத்துவிட்டுத்தான் கையைத் தூக்குகிறார்கள். கடை காலையில் கொஞ்சம் தாமதமாகத்தான் திறக்கும். ராத்திரியில் அந்தப் பொத்தான் எப்படியோ கழன்றுவிடுகிறது. காலையில் தட்டச்சுக்காரி முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பாள், மகள் முக்காலியில் ஏறிப் போட்டுவிட வேண்டும். அவளுக்கு இப்போது முழங்கால் வலி, ஏறி இறங்க நேரமாகும். சீக்கிரம் வந்துவிட்ட வாடிக்கையாளர்கள் வெளியே நின்று கை நீளம் முழுசா அரையா என்று பேசிக்கொண்டிருப்பார்கள். உள்ளேயிருந்து “போட்டாச்சும்மா” என்று குரல் கேட்டதும் பையை எடுத்துக்கொண்டு படியேறுவார்கள்.