மிச்சத் தீவனம்

மார்ச் பதினொன்றாம் தேதி, ஆராய்ச்சிப் பண்ணையின் நான்காம் கொட்டகையில் பன்றிக்குட்டிகள் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டன. இடப்பக்க அடைப்பில் இருந்தவற்றுக்கு வழக்கமான தீவனம். வலப்பக்கத்துக் குட்டிகளுக்கு, வீடுகளில் வீணாகும் ரொட்டியைக் காயவைத்து அரைத்துக் கலந்த தீவனம். பால் மறக்கும் பருவத்தில் வரும் கழிச்சலை எந்தப் பக்கத்துக் குட்டிகள் நன்றாகத் தாங்குகின்றன என்று பார்ப்பதுதான் ஆய்வு. அறிக்கையை நேரத்துக்குக் கொடுத்தால்தான் ஆய்வை நடத்தும் பெண்ணின் தற்காலிக வேலை நீட்டிக்கப்படும்.

இரண்டு வாரமாகியும் இரு பக்கமும் ஒரே மாதிரிதான் இருந்தன. காரணம் பிடிபடாமல் அவள் ஒரு நாள் காலையில் சீக்கிரமே வந்தாள். கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் அவளுடைய சித்தப்பா, வலப்பக்கத் தொட்டியில் மிஞ்சியதை வழித்து இடப்பக்கம் கொட்டிக்கொண்டிருந்தார்.

“சித்தப்பா! என்ன பண்றீங்க?”

“பின்ன, குப்பையிலயா போடச் சொல்ற? சாப்பாட்டை வீணாக்காதீங்கன்னு ஊருக்கெல்லாம் பேசுறவ நீதானே!”

“ஐயோ, ரெண்டு பக்கமும் ஒண்ணையே தின்னா நான் எதை எதோட ஒப்பிடுறது?”

சித்தப்பாவின் முகம் தொங்கிப்போனது. “தினமும் கொட்டிட்டேனேம்மா. சரி, யாருக்குத் தெரியப்போகுது? கமுக்கமா விட்டுடேன்.”

“விட்டுட்டா, நாளைக்கு ஒருத்தர் இதை நம்பித் தன் குட்டிகளுக்குப் போடுவாரு, சித்தப்பா.”

அன்று மதியமே அவள் இயக்குநரிடம் சொன்னாள். அந்தச் சுற்று செல்லாது என்று முடிவானது. வேலை நீட்டிப்பு கிடைக்கவில்லை. அடுத்த ஈற்றுக் குட்டிகளை வைத்து வேறொருவர் ஜூலையில் ஆய்வைத் தொடங்கினார்.