ஏழு இடத்தில் சிரிப்பு

9-8-1925, ஞாயிறு. ஆஜர்: சபாநாயகர் வேடத்தில் ராஜரத்தினம். பிரபு வேடத்தில் மாரிச்சாமி. எதிர்க்கட்சி மெம்பர் வேடத்தில் இராமையா. கேட்க வந்தவர்கள் சுமார் அறுபது பேர், பெரும்பாலும் ஹார்பர் கூலிகள். சர்க்கார் சுருக்கெழுத்தாளர் அப்பாசாமி.

ரங்கூன் பபேடான் பேட்டை வாசகசாலையில் நடந்த மாதிரிப் பார்லிமெண்டைப் பற்றிய அறிக்கை இப்படித் தொடங்கியது. எழுதியவன் அப்பாசாமி. ஊரில் தமிழில் எவன் மேடையேறினாலும் மூலையில் உட்கார்ந்து சொல் விடாமல் குறிப்பெடுத்துப் போலீஸிடம் கொடுப்பது அவன் உத்தியோகம். இராமையா அவன் தங்கை தைலம்மாளின் புருஷன். அதை எழுத அறிக்கையில் இடம் கிடையாது.

திங்கட்கிழமை காலை இன்ஸ்பெக்டர் சாதிக் பாட்சா அந்த அறிக்கையை மேசையில் விரித்து வைத்திருந்தார். தாமுவேயில் அவன் வீட்டிலிருந்து விடியற்காலை பிடித்து வந்த இராமையா, லாக்கப் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அறிக்கை உண்மை என்று அப்பாசாமி கையெழுத்துப் போட்டால் ராஜதுரோக வழக்கு. இரண்டு வருஷமாவது உள்ளே.

“இது எந்தக் காலத்துப் பேச்சு, அப்பாசாமி?”

“ஆயிரத்து எண்ணூத்து முப்பத்தொண்ணு, சார். லண்டன். பெரிய குடும்பங்க பார்லிமெண்ட் இடத்தைச் சொத்து மாதிரி வெச்சிருந்த காலம். மகனுக்கு ஒண்ணு, மருமகனுக்கு ஒண்ணு. எல்லாம் ஸ்கூல் சரித்திரப் புஸ்தகத்துல இருக்கு.”

“நானும் படிச்சவன்தான்யா.” இன்ஸ்பெக்டர் விரல் வைத்து வாசித்தார். “‘ஆளே இல்லாத மேட்டுக்கு ரெண்டு மெம்பர்.’ அடைப்புக்குறிக்குள்ள, சிரிப்பு. ‘கடல் முழுங்கின ஊருக்கும் ரெண்டு மெம்பர், அங்கே மீன் ஓட்டுப் போடுது.’ பலத்த சிரிப்பு. ‘மூட்டை தூக்குறவனுக்கு மட்டும் ஓட்டு இல்லை.’ நீடித்த சிரிப்பு. மொத்தம் ஏழு இடம். செத்து மண்ணாப்போன துரைமாரைப் பத்திக் கேட்டு ஹார்பர் கூலி எதுக்குய்யா நீடிச்சுச் சிரிக்கிறான்?”

பேச்சில் குற்றமில்லை. குற்றம் சிரிப்பில் இருந்தது; லண்டன் என்ற பேரில் குத்தியது இங்குள்ள சர்க்காரை என்று அது காட்டிக்கொடுத்தது. கைதட்டல், சிரிப்பு, கூச்சல் எல்லாவற்றையும் குறிக்க வேண்டும் என்பது வேலையின் விதி. பத்து வருஷப் பழக்கத்தில் அப்பாசாமியின் பென்சில் தானாகப் போட்டுவிட்டது.

“மாரிச்சாமி சணல்ல பொய்முடி வெச்சிருந்தான், சார். அது நழுவி விழுந்துச்சு. அதுக்குத்தான்...”

“ஏழு தடவையுமா விழுந்துச்சு?”

“நாலஞ்சு இடத்தை அடிச்சிடறேன், சார்.”

“அடிங்க. மப்டியில நம்ம ஆள் ஒருத்தன் அங்கே இருந்தான். யார் யார் சிரிச்சாங்கன்னு அவன்கிட்ட லிஸ்ட் இருக்கு. மூணாவது பேர் உங்களுது.” இன்ஸ்பெக்டர் பேனாவை நீட்டினார். “இருக்கிறபடியே கையெழுத்து விழுந்தா லிஸ்ட் என் டிராயர்லயே கிடக்கும். இல்லேன்னா ரெண்டு பேருக்கும் உள்ளே இடம் இருக்கு. தங்கச்சிக்கு யார் சோறு போடுவா, யோசிங்க.”

அப்பாசாமி அதிகம் யோசிக்கவில்லை. தங்கைக்காக என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அதில் பாதி பொய். கையெழுத்துப் போட்டான்.

கான்ஸ்டபிள் அமீர் அலி இராமையாவைப் பெஞ்சிலிருந்து எழுப்பினான். லாக்கப் வாசலில் இராமையா திரும்பி, மேசையில் மை காயாத தாளைப் பார்த்தான். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தான்.

“இதையும் குறிச்சுக்குங்க, மச்சான். எட்டு.”

“உள்ளே போ, மாப்ளே,” என்றான் அப்பாசாமி.

அமீர் அலி கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினான்.