வாள் பிடித்த பெண்

கடல் கடந்து வந்திருந்த பேர்ணடெற், டண்டாஸ் வீதியில் ஒரு போர்த்துக்கீசரின் அச்சகத்தில் படம் கீறும் வேலை செய்தாள். 1988 பனிக்காலத்தில் முதலாளி மனுவேல் பழைய சீட்டுக்கட்டு ஒன்றின் படங்களைக் கொண்டுவந்தார். தன் ஊர்ச் சங்கத்துக்காக அதைப் புதிதாகக் கீறச் சொன்னார். கிண்ணம், காசு, தடி, வாள் என்று நாலு இனம். ஆசு (ஏஸ்) சீட்டுகளில் சிறகு முளைத்த நாகம். ஜாக் நிற்கவேண்டிய இடத்தில் பெண்கள். வாள் இனத்துப் பெண் நாகத்தை வெட்டிக்கொண்டு நின்றாள். அவள் முகம் மட்டும் தேய்ந்துபோயிருந்தது.

“முகத்தை நீயே கீறு” என்றார் மனுவேல்.

பேர்ணடெற் தங்கை மக்டலீனின் முகத்தைக் கீறினாள். போன வருடம் பள்ளிக்கூடத்துக்கென்று வெளிக்கிட்டு இயக்கத்துக்குப் போனவள் மக்டலீன். கடதாசியிலாவது அவள் வெல்லட்டும் என்றிருந்தது.

அச்சுக்குக் கொடுக்கிற கிழமை, கொழும்பிலிருந்து மாமா போன் எடுத்தார். மக்டலீன் சண்டையில் செத்துவிட்டாளாம். உடம்பும் கிடைக்கவில்லையாம்.

அடுத்தநாளும் பேர்ணடெற் வேலைக்குப் போனாள். மத்தியானம் அச்சுக்காரர்கள் மாதிரிச் சீட்டுகளை எடுத்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் வாள்காரியை ஓங்கி மேசையில் அடித்தான். பேர்ணடெற் அந்தச் சீட்டைப் பறித்துக் கிழித்தாள். உள்ளே போய் மூலப்படத்தில் இருந்த முகத்தைச் சவர பிளேட்டால் சுரண்டி, யாருடையதுமல்லாத ஒரு முகத்தைக் கீறிவைத்தாள். மனுவேல் வாசலில் நின்று பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை பேர்ணடெற்றின் பார்க்டேல் வீட்டுக்கு அம்மா போன் எடுத்தாள். அம்மாவும் ஊரிலிருந்து கொழும்புக்கு வந்திருந்தாள்.

“பிள்ளை, மக்டலீன்ர படம் ஏதும் உன்னட்டக் கிடக்கே? பூசைக்கு வைக்க ஒண்டும் இல்லை.”

“வீட்டில கன படம் இருந்ததே அம்மா?”

“ஆமி செக்கிங்குக்குப் பயந்து எல்லாத்தையும் அடுப்பில போட்டனான்.”

பேர்ணடெற்றிடமும் ஒரு படமும் இல்லை. “பாத்து அனுப்புறன்” என்றாள்.

குசினியில், அடுப்புக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து தங்கையின் முகத்தை நினைவிலிருந்து கீறினாள். கண் வந்தது, வாய் வரவில்லை. கணவன் இக்னேசியஸ் எட்டிப் பார்த்தான்.

“தங்கச்சிதான். அனுப்பு.”

“இல்லையப்பா, உது அவளில்லை.”

ஆனாலும் அனுப்பினாள். படம் கிடைத்ததும் அம்மா போன் எடுத்தாள்.

“ஆரோ ஒரு பிள்ளை மாதிரிக் கிடக்கு. பரவாயில்லை, பிரேம் போட்டு மாலை போட்டாச்சு.”