டைரக்டரின் ஹார்ட் டிஸ்க்

டிஸ்கின் ஒயரைக் கம்ப்யூட்டரில் செருகியதும் வழக்கமான அந்தச் சின்னப் பெட்டி திரையில் எட்டிப் பார்த்தது. இந்த டிஸ்கில் ஏதோ கோளாறு இருக்கலாம், பரிசோதிக்கட்டுமா என்று கேட்டது. ஆறு வருஷமாக அது கேட்டுக்கொண்டேதான் இருக்கிறது. அவரும் தலையில் தட்டி மூடிக்கொண்டேதான் இருக்கிறார். இன்று மூடவில்லை. அம்புக்குறியை அதன்மேல் கொண்டுபோய் நிறுத்தி, "நீயே அமுக்கு" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு எழுந்துகொண்டார். நல்ல காரியமென்றால் தானே செய்வார். பொல்லாப்பு வருமென்றால் அவளுக்கு விட்டுக்கொடுத்துவிடுவார். அவள் அமுக்கினாள்.

சொந்தக்காரர்கள் அவரை டைரக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெருமையாகத்தான் ஆரம்பித்தது. ஓய்வு பெற்ற பஸ் டிரைவர்களைப் பற்றி ஓர் ஆவணப்படம். முப்பது வருஷம் ஓட்டியவர் பயணியாக ஏறி உட்கார்ந்தால் வலது கால் தானாகப் பிரேக்கைத் தேடுகிறது என்று ஒருவர் சொல்லப்போக, இவர் அதிலேயே கிறங்கிப்போனார். ஊர் ஊராக அலைந்து எடுத்ததெல்லாம் அந்த டிஸ்குக்குள் இருக்கிறது. வெட்டி ஒட்டிப் படமாக்குவதுதான் பாக்கி. அந்தப் பாக்கி கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. பேசிய டிரைவர்களில் இரண்டு பேர் போயும் சேர்ந்துவிட்டார்கள். கேட்கிறவர்களிடமெல்லாம், "டிஸ்க் சரியில்லைங்க, எரர் காட்டுது" என்பார். கேட்கிறவர்களும் குறைந்துபோனார்கள். டைரக்டர் என்று கூப்பிடும்போது மட்டும் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து சேர்ந்துகொண்டது. குடும்பம் அவளுடைய ரத்தப் பரிசோதனைக் கூடத்துச் சம்பளத்தில் ஓடியது.

போன வாரம் அவளுடைய அண்ணன் வந்திருந்தார். "மாப்பிள்ளை, நம்ம குடோன்ல சூப்பர்வைசர் வேலை காலியா இருக்கு. ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிடுங்க. இல்லைன்னா வேற ஆளைப் போட்டுடுவேன்" என்றார். அதற்குப் பிறகு வாரம் முழுக்க மதில்மேல் பூனையாக இருந்துவிட்டு, நேற்றுதான் டைரக்டர் வாயைத் திறந்தார்.

"டிஸ்க் போயிருந்தா வேலைக்குப் போயிடறேன். நல்லா இருந்தா உக்காந்து படத்தை முடிக்கிறேன். எதுவானாலும் இதோட சரி."

தன் முடிவைக் கொண்டுபோய் ஒரு பெட்டியின் தலையில் கட்டுகிற சாமர்த்தியம் அவருக்குத்தான் வரும். அவள் சரி என்றாள். ஆறு நாளும் நின்றுகொண்டே ஊசி குத்துகிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமை சண்டை போடத் தெம்பு கிடையாது. டிஸ்க் போயிருக்க வேண்டுமென்று மனதார வேண்டிக்கொண்டாள். அதில் அவளுக்கு வெட்கம்கூட இல்லை.

பச்சைப் பட்டை ஊர்ந்தது. அவள் துணி மடித்தாள், பாத்திரம் கழுவினாள், வந்து பார்த்தாள். அரை விரல்கடை நகர்ந்திருந்தது. அவர் அதே செய்தித்தாளை மூன்றாவது தடவையாகப் புரட்டிவிட்டு, உள்ளறையில் கையைக் கண்மேல் மடித்துப்போட்டுப் படுத்துக்கொண்டார். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டதற்குப் பசிக்கவில்லை என்றார். வெயில் ஜன்னலைத் தாண்டிப் போன பிறகுதான் பட்டை நிரம்பியது.

பிழை எதுவும் இல்லை.

"முடிஞ்சிடுச்சா?" உள்ளிருந்து குரல் வந்தது. "என்ன சொல்லுது?"

போயிடுச்சுங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எழுந்து வந்து பார்க்க மாட்டார், இனி டிஸ்கைத் தொடவும் மாட்டார், நாளைக் காலையில் குடோனுக்குக் கிளம்பிவிடுவார். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. கூடப்பிறந்தவர்களுக்குக்கூட ரிப்போர்ட்டில் ஒரு எண்ணைக் கூட்டிக் குறைத்து எழுதிக் கொடுத்தவளில்லை அவள். பழக்கம் விடவில்லை.

"ஒண்ணும் இல்லைங்க. நல்லாத்தான் இருக்கு."

எழுந்து வந்தார். நின்றபடியே படித்தார். குனிந்து இன்னொரு முறை படித்தார். துள்ளுவார், 'பார்த்தியா' என்று அவளைச் சீண்டுவார் என்று நினைத்திருந்தவள் அவர் முகத்தைப் பார்த்ததும் திடுக்கிட்டாள். அது அவளுக்கு நன்றாகப் பழக்கமான முகம். மாதக்கணக்காக வலியோடு அலைந்துவிட்டுக் கடைசியில் ரிப்போர்ட் வாங்க வருகிறவர்கள், "எல்லாமே நார்மலா?" என்று கேட்டுக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்களே, அந்த முகம். நோய் இல்லையென்றால் இத்தனை நாள் படுத்திருந்ததற்கு என்ன சொல்வது?

இவரும் அதையேதான் வேண்டிக்கொண்டிருந்திருக்கிறார். ஒரே வீட்டில், ஒரே கட்டிலில், ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு இரண்டு பேரும் ஒரே வரத்தைக் கேட்டிருக்கிறார்கள். ஒரு வார்த்தை பேசியிருந்தால் என்றைக்கோ முடிந்திருக்கும். அவளுக்குக் கோபம் வரவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே ஓர் அலுப்புதான் வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்கடியில் அவர்மேல் கொஞ்சம் பாவமாக இருந்தது.

கைபேசி அடித்தது. அண்ணன்தான். இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள், யாரும் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது.

"சில சமயம் மொத தடவையில பிடிக்காதாம்" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இன்னொரு தடவை பார்த்துடலாமா?"

மறுபடியும் ரத்தம் எடுத்துப் பாருங்கள் என்று கெஞ்சுகிறவர்களை அவள் தினமும் பார்க்கிறாள். ஆனால் அவர்களெல்லாம் ரிப்போர்ட்டில் கெட்டது வந்தவர்கள்.

அவள் ஸ்டூலை இழுத்துத் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டாள். அவர் வந்து உட்கார்ந்தார். அவள் மறுபடியும் அமுக்கினாள். நிரம்பியிருந்த பச்சை சட்டென்று காலியாகி, இடது ஓரத்தில் ஒரு நூலளவு மட்டும் முளைத்தது. தோள் உரச உட்கார்ந்து இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.